பறவைக்குப் பங்கு உண்டு, பூச்சிக்குப் பங்கு இல்லை

"உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. நெல் விளையும் சமவெளியை எண்ணி முன்னோர் இதைச் சொல்லியிருக்கலாம். ஆயினும் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடும் சிறு குடியானவனுக்கும் இது முற்றிலும் பொருந்துகிறது. அவனது விளைச்சலில் பங்கு கேட்டு வருவோர் பலர். குக்குறுவானும் கொண்டைக் குருவியும் பகலில் வருகின்றன. மரநாயும் வௌவாலும் இரவில் வருகின்றன. அணிலுக்கும் குரங்குக்கும் நேரமே கிடையாது. இவர்கள் எல்லாரும் கண்ணுக்குத் தெரிந்து வருபவர்கள். கண்ணுக்குத் தெரியாமல் பழத்தின் உள்ளேயே குடிபுகுந்து, கொட்டையைத் தின்று தீர்க்கும் சிறு வண்டு ஒன்றும் இருக்கிறது. இவர்களுள் யாருக்குப் பங்கு தருவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதே எங்கள் குடும்பத்தில் ஆண்டுதோறும் எழும் கேள்வி. அதைக் குறித்து நாங்கள் எண்ணியதையும் செய்துவருவதையும் இக்கட்டுரையில் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஏற்காட்டிற்குக் காப்பி வந்தது 1820-களில். அப்போது சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் காப்பியையும் ஆரஞ்சு, பேரி முதலிய பழ மரங்களையும் இம்மலையில் நடச் செய்தார் என்பது வரலாறு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், இளங்குளிர், மூடுபனி, மர நிழல் ஆகிய இவையெல்லாம் அராபிக்கா வகைக் காப்பிக்கு ஏற்றவை. வெள்ளைக்காரர்களின் பெரிய எஸ்டேட்டுகள் காலப்போக்கில் கைமாறின. அவற்றின் ஓரங்களிலும் மலைக் கிராமங்களிலும் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளும் இன்று காப்பியை நம்பி வாழ்கின்றனர். எங்களுடையது மூன்று ஏக்கர். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கிறது. இடையிடையே பலாவும் கொய்யாவும் நிற்கின்றன. அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் வளர்கின்றன. பிள்ளைகளின் படிப்பும், வீட்டுக் கூரையும், மருந்துச் செலவும் இந்தச் செடிகளில்தான் காய்க்க வேண்டும். ஆகவே ஒரு கூடைப் பழம் குறைந்தாலும் அது எங்களுக்குச் சிறிய காரியமன்று.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் பூ மழைக்குப் பின், எட்டொன்பது நாட்களில் செடிகள் வெண்மையாகப் பூத்து மல்லிகை போல் மணக்கும். பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்து, காய் முற்றிப் பழுக்க எட்டு மாதங்கள் ஆகும். நவம்பரில் தொடங்கும் அறுவடை தை மாதம் வரை நீளும். எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவப்பதில்லை. ஒரே கொத்தில் பச்சைக் காயும், மஞ்சள் காயும், சிவந்த பழமும் இருக்கும். எனவே ஒரு செடியை மூன்று நான்கு முறை சுற்றிவந்து பறிக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் விருந்தாளிகள் வந்து சேர்கின்றனர்.

பழம் சிவந்ததும் முதலில் கண்டுகொள்வது பறவைதான். காப்பிப் பழத்தின் தோலுக்கும் கொட்டைக்கும் நடுவே இனிப்பான சதை மெல்லியதாய் இருக்கிறது. குக்குறுவானும் சின்னானும் விரும்புவது அந்தச் சதையையே. கொட்டையை அவை பெரும்பாலும் கீழே விட்டுவிடும். மரநாய் பழத்தை முழுதாய் விழுங்கினாலும் கொட்டை செரிக்காமல் அதன் எச்சத்தோடு வெளியே வந்துவிடுகிறது. வௌவால் பழத்தைத் தான் தங்கும் மரத்துக்குக் கொண்டுபோய், சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையை உதிர்க்கிறது. பலா மரத்தடியில் காலையில் போய்ப் பார்த்தால் கொட்டைகள் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கித் தனியே கழுவி உலர்த்துவது எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம். பறவையும் வௌவாலும் தின்பதனால் நட்டமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நட்டம் உண்டு. ஆனால் அது வெளிப்படையான நட்டம். எண்ணிப் பார்க்கக் கூடிய நட்டம்.

இதைக் கண்டு பொறுக்காத பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் ஓர் ஆண்டு எங்களிடம் வந்தார். "தம்பி, மெல்லிசு வலையா வாங்கி வேலியோரமா கட்டிவிடுங்க. நாலு குருவி மாட்டிச் செத்துத் தொங்கினா மத்தது இந்தப் பக்கமே வராது" என்றார். அவர் எங்கள் நன்மையை எண்ணியே சொன்னார். "ஐயா, குருவி தின்னது போக மிச்சத்தைப் பறிச்சுக்கிறோம். ஆனா அந்தக் குருவி பூச்சியையும் தின்னுதே, அதுக்கு யார் கூலி கொடுக்கிறது?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டார், எங்கள் கருத்தை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சட்டத்துக்கு அஞ்சி மட்டும் விடுகிற காரியமா இது? நாங்கள் அவரிடம் வேடிக்கையாகக் கேட்ட கூலிக் கணக்கில் உண்மை இருக்கிறதா என்று பின்னர் படித்தும் கேட்டும் அறிய முற்பட்டோம்.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள, முதலில் உண்மையான பகைவனை அறிந்துகொள்ள வேண்டும். அவனுக்குக் காய்த்துளைப்பான் என்று பெயர். கறுத்த, மிகச் சிறிய வண்டு. நீளம் இரண்டு மில்லிமீட்டர்கூட இராது. ஆப்பிரிக்காவில் தோன்றி, கப்பலேறிக் காப்பி விளையும் நாடுகளுக்கெல்லாம் பரவியது. நம் நாட்டில் 1990-ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் பின் தென்னாட்டுக் காப்பி மலைகளில் மெல்ல மெல்லப் பரவிற்று. பெண் வண்டு காயின் தொப்புளில் ஊசித்துளை போல் ஒரு துளையிட்டு உள்ளே நுழைகிறது. கொட்டையைக் குடைந்து அங்கேயே முட்டையிடுகிறது. புழுக்கள் கொட்டையைத் தின்று வளர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டுகளாகின்றன. ஆண் வண்டுக்குப் பறக்கும் ஆற்றல் இல்லை. பிறந்த காயிலேயே மடிந்துவிடும். கருவுற்ற பெண் வண்டு மட்டும் வெளியேறி அடுத்த காயைத் தேடிப் பறக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது பழம் அழகாகவே இருக்கும். களத்தில் உலர்த்தித் தோல் நீக்கும்போதுதான் கொட்டை பொடிந்து போனது தெரியவரும். பாவமும் பெரும்பாலும் இவ்வாறுதான் நம் உள்ளத்தில் குடிபுகுகிறது என்று எங்கள் பங்குத் தந்தையிடம் சொன்னோம். அவர் அதை மறுவாரப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார்.

இந்த வண்டைத் தெளிப்பு மருந்தால் ஒழித்துவிடலாம் என்று தொடக்கத்தில் பலரும் நம்பினார்கள். எண்டோசல்பான் என்னும் மருந்து அக்காலத்தில் இதற்கென்று பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் வண்டு காய்க்குள் நுழைந்துவிட்ட பின் மருந்து அதனைத் தொடுவது கடினம். மேலும் அம்மருந்து மனிதருக்கும் உயிரினங்களுக்கும் செய்யும் கேட்டைக் கேரளத்துக் காசர்கோடு மாவட்டத்தில் நாடு கண்டது. 2011-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை விதித்தது. விஷத்தை நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அந்த வேறு வழி பழைய வழியேதான். காப்பி வாரியத்தார் விவசாயிகளுக்குச் சொல்லும் முதல் பாடம், சுத்தமாகப் பறி என்பது. பழுத்ததைக் காலம் தாழ்த்தாமல் பறிக்க வேண்டும். செடியில் ஒரு பழம்கூட மிச்சம் வைக்கலாகாது. பறிக்கும்போது செடியடியில் பாய் விரித்து, உதிர்வதை அதில் ஏந்த வேண்டும். தப்பித் தரையில் விழுந்ததையும் பொறுக்கிவிட வேண்டும். ஏனெனில் அறுவடை முடிந்து அடுத்த காய் முற்றும் வரையுள்ள மாதங்களில் வண்டு உயிர் பிழைத்திருப்பது செடியில் காய்ந்து நிற்கும் பழத்திலும், தரையில் கிடக்கும் பழத்திலும்தான். அவற்றை எடுத்துவிட்டால் அதற்கு வீடில்லை. பூச்சி விழுந்த பழங்களைத் தனியே பிரித்து, கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கியெடுத்தால் உள்ளிருக்கும் வண்டும் புழுவும் இறந்துபோகும். தோல் நீக்கிய அராபிக்காக் கொட்டையை ஈரப்பதம் பத்து விழுக்காட்டிற்கு இறங்கும் வரை நன்றாக உலர்த்தினால், சேமிப்பில் பூச்சி பெருகாது. பிற தோட்டங்களிலிருந்து வரும் சாக்குகளையும் சோதிக்காமல் உள்ளே விடக்கூடாது. வண்டு வெகுதூரம் பயணம் செய்வது சாக்கில்தான்.

இவற்றோடு பொறியும் உண்டு. சிவப்பு நிறக் குடுவையில் இருவகைச் சாராயக் கலவையைச் சிறு புட்டியில் தொங்கவிட்டால், பழத்தின் மணம் என்று எண்ணி வண்டுகள் வந்து கீழேயுள்ள நீரில் விழுகின்றன. வெண்மையாய்ப் படர்ந்து வண்டைக் கொல்லும் பூஞ்சணம் ஒன்றும் மழைக்காலத்தில் தெளிப்பதற்குக் கிடைக்கிறது. இவை எவற்றாலும் பறவைக்குக் கேடில்லை.

காய்த்துளைப்பான் ஒன்றோடு தொல்லை முடிவதில்லை. தண்டுத் துளைப்பான் என்னும் வேறொரு வண்டு அராபிக்காச் செடியின் தண்டினையே குடைந்து, செடியையே மாய்த்துவிடும். அதனை விரட்ட முதன்மையான வழி நல்ல நிழல். வெயில் நேராகப் படும் தண்டின் பட்டை வெடிப்புகளில்தான் அது விரும்பி முட்டையிடுகிறது. ஆகவே நிழல் மரங்களை வெட்டித் தள்ளினால் செடிக்கே ஆபத்து. இங்கே ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பூச்சிக்காக நாம் காக்கும் அதே மரத்தில்தான் பறவை கூடு கட்டுகிறது. மரங்கொத்தியும், பட்டாணிக் குருவியும், ஈப்பிடிப்பானும், கரிச்சானும் அந்த மரத்தை நம்பியே தோட்டத்தில் தங்குகின்றன. பறவையை விரட்ட வேண்டுமானால் மரத்தையும் விரட்ட வேண்டும்; மரம் போனால் காப்பியும் போயிற்று.

பறவையின் கூலிக் கணக்கை அயல்நாட்டு ஆய்வாளர்கள் எங்களைக் காட்டிலும் திருத்தமாகவே போட்டிருக்கிறார்கள். நடு அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிகா நாட்டில் சில காப்பிச் செடிகளை வலையால் மூடிப் பறவை நுழையாமல் தடுத்து, மூடாத செடிகளோடு ஒப்பிட்டார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பறவைகள் வந்துபோகும் செடிகளில் காய்த்துளைப்பானின் தாக்குதல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. பறவை எச்சத்தைச் சோதித்து, எந்தப் பறவை இந்த வண்டைத் தின்றது என்றும் கண்டார்கள். அருகில் காடும் மரமும் இருந்த தோட்டங்களில் அத்தகைய பறவைகள் மிகுதியாக இருந்தன. ஜமைக்காத் தீவின் நீலமலைகளிலும் இதே போன்ற ஆய்வு முன்னரே நடந்திருக்கிறது. காய்க்குள் புகுந்துவிட்ட வண்டைப் பறவை எடுக்க இயலாது. வெளியே பறந்து வந்து துளையிடும் நேரத்தில்தான் அதைப் பிடிக்க முடியும். எனவே பறவை இருந்தால் போதும், பொறுக்க வேண்டாம் என்று யாரும் சும்மா இருந்துவிடலாகாது. பறவை உதவியாள், வேலை நம்முடையதே.

இதற்கு மாறான பாடத்தைச் சீன நாடு 1958-இல் கற்றது. தானியம் தின்னும் சிட்டுக் குருவிகளை ஒழித்துவிடுமாறு அரசு ஆணையிட, மக்கள் தட்டும் தாளமும் கொட்டி, குருவிகளை உட்காரவிடாமல் விரட்டிக் களைத்து விழச் செய்து கொன்றார்கள். குருவி குறைந்தது, பூச்சி பெருகியது. 1960-இல் குருவியைப் பகைவர் பட்டியலிலிருந்து நீக்கி, மூட்டைப் பூச்சியை அந்த இடத்தில் சேர்த்தார்கள். அக்காலத்துப் பெரும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. குருவிகளின் அழிவும் அவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலிலும் இக்கருத்து இருக்கிறது. வேளாண்மைக்குத் துணைநிற்கும் பறவைகளும் பூச்சிகளும் நச்சு மருந்துகளால் மறைவதையும், அந்த இழப்பை ஈடுசெய்ய மனிதன் மேற்கொள்ளும் வேறு முறைகளும் கேடாக முடியக் கூடும் என்பதையும் அவர் அதில் எடுத்துரைத்தார்.

இவ்வளவும் அறிவுக்குத் தெளிவாகவே இருந்தது. எங்கள் மனச்சான்றை உறுத்தியது வேறொன்று. எங்கள் தோட்டத்தில் பழம் பறிக்க வரும் மலையாளிப் பழங்குடிப் பாட்டி ஒருவர் இருக்கிறார். விதவை, தனியாள். அறுவடை முடிந்த பின் செடிகளில் தப்பியதையும் கீழே உதிர்ந்ததையும் பொறுக்கி விற்பதனால் கிடைக்கும் காசு அவருக்கு ஒரு மாத உப்புப் புளிக்கு ஆகும். காப்பி வாரியத்தார் சொன்னபடி, பறிப்பு முடிந்த அன்றே ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடத் திட்டமிட்டோம். அதைக் கேட்ட பாட்டி, "ஏங்கண்ணு, கீழ விழுந்தது ஏழைக்குன்னு அந்தக் காலத்துல விட்டாங்களே. இனிமே அதுவும் இல்லையா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, அதனாலேயே எங்களால் எளிதில் மறுமொழி சொல்ல இயலவில்லை.

ஏனெனில் அவர் கேட்டது திருவிவிலியத்தின் கேள்வி. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்கலாகாது, சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது, தோட்டத்தில் உதிர்ந்த பழங்களை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியர் நூலில் ஆண்டவர் கட்டளையிடுகிறார். கைம்பெண்ணுக்கும் அநாதைக்கும் அது உரியது என்று இணைச்சட்ட நூலும் சொல்கிறது. அவ்வாறு கதிர் பொறுக்கிப் பிழைத்த ரூத்தின் வழிமரபில்தான் நம் ஆண்டவர் பிறந்தார். ஒருபுறம் ஆண்டவரின் கட்டளை, விட்டுவிடு என்கிறது. மறுபுறம் பயிரின் தேவை, விட்டால் பூச்சி பெருகி அடுத்த ஆண்டு உனக்கும் இல்லை, பொறுக்குகிறவளுக்கும் இல்லை என்கிறது. எதைக் கேட்பது?

பல நாள் இரவு செபமாலைக்குப் பின் இதைக் குடும்பமாகப் பேசினோம். கட்டளையின் கருத்து பழம் தரையில் கிடக்க வேண்டும் என்பதன்று. ஏழையின் வாய்க்குச் சோறு போய்ச் சேர வேண்டும் என்பதே. பழம் தரையில் கிடந்தால் அது பூச்சியின் பங்கு. ஏழையின் கைக்குப் போனால் அது ஆண்டவரின் பங்கு. ஆகவே உதிர்ந்ததும் தப்பியதும் பொறுக்குகிறவர்களுக்கே சொந்தம் என்று முடிவு செய்தோம். பறிப்பு முடிந்த அன்றே, அடுத்த மாதம்வரை காத்திராமல், அவர்கள் பொறுக்க வேண்டும். மாலையில் எங்கள் வீட்டு அண்டாவில் கொதிக்கும் வெந்நீரில் அதை முக்கியெடுத்து, எங்கள் களத்திலேயே உலர்த்த வேண்டும். எங்கள் சரக்கோடு அதுவும் தனி மூட்டையாக விற்பனைக்குப் போகும்; பணம் அவர்களுக்கு. பொறுக்குகிற நாளுக்கு அரைக் கூலியும் நாங்கள் தருகிறோம். அந்த வேலையால் காக்கப்படுவது எங்கள் அடுத்த ஆண்டு விளைச்சல் அல்லவா? முதலாண்டு இந்த அரைக் கூலி எங்களுக்குக் கனமாகவே இருந்தது. வீட்டுக்கு வாங்க எண்ணியிருந்த ஒரு பொருளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. ஆனால் பாட்டி முன்னைவிட அதிகமாகவே பெற்றுச் சென்றார். தம் பேத்தியையும் மறுநாள் அழைத்துவந்தார்.

பறவைகளின் பங்கையும் இதே முறையில் ஒழுங்குசெய்தோம். காப்பிப் பழத்தைவிடச் சுவையான பழம் பக்கத்தில் இருந்தால் பறவை காப்பியை அதிகம் நாடாது. வேலியோரத்து அத்தி மரத்தை வெட்டாமல் விட்டோம். கொய்யாவில் உச்சிக் கிளைப் பழங்களைப் பறிப்பதில்லை. பலாவில் ஒரு பழம் மரத்திலேயே பழுக்கட்டும் என்று விடுகிறோம். கூடு இருக்கும் செடியைக் கவாத்து செய்யாமல், குஞ்சு பறந்த பின் கை வைக்கிறோம். தாய்ப்பறவையைக் குஞ்சுகளோடு சேர்த்துப் பிடிக்கக் கூடாது என்று இணைச்சட்ட நூல் விதிக்கிறது. அதை எங்கள் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் கேட்டுவந்து எங்களுக்கு நினைவூட்டினார்கள். இன்னும் சில காப்பிப் பழங்கள் பறவைக்குப் போகத்தான் போகின்றன. வயலின் ஓரத்தை அறுக்காமல் விடுவது இதுதான் என்று எண்ணிக்கொள்கிறோம்.

உழவர்களின் பாதுகாவலரான புனித இசிதோரைப் பற்றி ஒரு வழிவழிக் கதை உண்டு. அவர் எசுப்பானிய நாட்டில் மத்ரித் நகரத்தருகே பிறர் நிலத்தில் உழுது பிழைத்த கூலிக்காரர். 1622-இல் புனித இஞ்ஞாசியார், புனித சவேரியார், புனித அவிலா தெரேசம்மாள், புனித பிலிப் நேரி ஆகியோருடன் ஒரே நாளில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. பனிக்காலத்தில் ஒருநாள் கோதுமை மூட்டையோடு மாவு ஆலைக்குப் போகும் வழியில், பசியால் வாடிய புறாக்களைக் கண்டு, மூட்டையில் பாதியை அவற்றுக்குக் கொட்டினாராம். உடன் வந்தவர்கள் நகைத்தார்கள். ஆலையில் மூட்டையை அவிழ்த்தபோது அது நிறைந்திருந்தது என்று கதை முடிகிறது. எங்கள் மூட்டை அவ்வாறு அற்புதமாய் நிறைந்ததில்லை. விலை ஏறுகிற ஆண்டும் உண்டு. மழை ஏமாற்றுகிற ஆண்டும் உண்டு. ஆயினும் களத்தில் கொட்டையைப் புடைக்கும்போது துளை விழுந்தவை ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றன என்பதை எங்கள் கண்ணால் காண்கிறோம். அதுவே எங்களுக்குப் போதுமான அருள்.

நிலமுள்ள வாசகர்களுக்கு எங்கள் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. பயிர் எதுவானாலும், மருந்துக் கடைக்குப் போகுமுன் ஒருநாள் காலை நிலத்தில் நின்று, யார் வருகிறார், எதைத் தின்கிறார், எதை விட்டுச் செல்கிறார் என்று பொறுமையோடு பாருங்கள். பங்காளி யார், திருடன் யார் என்பது அப்போது தெரியும். நிலமில்லாத வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் வீட்டில் காலையில் மணக்கும் காப்பியில் ஒரு பாட்டி குனிந்து பொறுக்கிய உழைப்பும், பெயர் தெரியாத ஒரு குருவியின் உழைப்பும் கலந்திருக்கலாம். அதைக் குடிக்கும்போது அவர்களுக்காகவும் ஒருமுறை ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள்.